காணாமல் போன கோடு

புற்றுநோயைக் கொல்ல வேண்டியதில்லை, திருத்தினாலே போதும் என்ற பேருண்மையை மனிதகுலத்துக்கு வழங்கியவன் நான். மனிதகுலம் என்று இங்கே சொல்வது எங்கள் நிறுவனத்தின் மூன்றாம் மாடியையும், தொலைக்காட்சியில் மதியச் செய்திக்குப் பிறகும் சமையல் நிகழ்ச்சிக்கு முன்பும் வரும் ஒரு கால்மணி நேரத்தையும். அந்தக் கால்மணி நேரத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சமையலுக்காகக் காத்திருந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது.

விசாரணைக் குழுவின் நடுநாற்காலியில் இருப்பவர் வழக்கறிஞர். "எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை. என்னிடமிருந்து வகுப்புகளை எடுத்துவிட்டீர்கள், ஆய்வகச் சாவியையும் வாங்கிவிட்டீர்கள். நானாகவே வந்தேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வரச்சொல்லி உங்களிடமிருந்து ஃபோன் வந்தது உண்மைதான். ஆனால் நடந்து வந்தது நானாகத்தான்.

ரத்தத்தில் இருக்கும் வெள்ளணு எலும்பு மஜ்ஜையில் குழந்தையாகப் பிறக்கிறது. வளர்கிறது, ஒரு வேலையைக் கற்றுக்கொள்கிறது, கொஞ்ச காலம் அந்த வேலையைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் செத்துப்போகிறது. ஒழுங்கான உத்தியோகஸ்தனின் வாழ்க்கை. ரத்தப் புற்றுநோயில் அது வளர மறுத்துவிடுகிறது. வேலைக்கும் போகாமல், வீட்டை விட்டும் போகாமல், பிள்ளை மட்டும் பெற்றுக்கொண்டே இருக்கும் மகனைப் போலப் பெருகிப் பெருகி, வீட்டில் மற்றவர்கள் கால் நீட்ட இடமில்லாமல் செய்துவிடுகிறது. வழக்கமான சிகிச்சை அந்த மகனை அடித்துக் கொல்லும். பக்கத்தில் நிற்கும் நல்ல பிள்ளைகளுக்கும் நாலு அடி விழும். அதற்குப் பதிலாக அவனை வளரவைத்துவிட்டால்? தானே வேலைக்குப் போவான், தானே ஓய்வுபெறுவான், தானே போய்ச் சேருவான். இதில் என் மூளை ஒன்றுமில்லை. எனக்கு முன்னால் பலர் சொன்னது இது. சிலவகைப் புற்றுக்கு உண்மையாகவே பலித்தும் இருக்கிறது.

என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்டது ஒரே ஒரு பாஸ்பேட்டை. செல்லுக்குள் ஒரு புரதத்தை வேலைக்குக் கிளப்ப வேண்டுமானால், அதன்மேல் பாஸ்பேட் என்ற சின்னஞ்சிறு குறி ஒட்டப்படும். ஒட்டுவதற்கென்று ஒரு நொதி உண்டு, பிய்ப்பதற்கென்று இன்னொரு நொதி. ஒட்டுவதற்குப் பாஸ்பரிலேற்றம் என்று பெயர். நாம் இந்தப் பெயரை வாயால் சொல்லி முடிப்பதற்குள் செல் அதைப் பல்லாயிரம் தடவை செய்து முடித்திருக்கும். குறிப்பிட்ட ஒரு புரதத்தின்மேல் இந்தக் குறி இருக்கும்வரை புற்றுச்செல் குழந்தையாகவே இருக்கும், குறியை எடுத்துவிட்டால் வளர ஆரம்பிக்கும் என்பது என் கட்சி. குறியை ஒட்டும் நொதியைத் தடுப்பதற்கு ஒரு மாத்திரை இருந்தது. வேறு ஏதோ நோய்க்காக ஏற்கனவே கடையில் விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே அது கெடுதல் செய்யாது என்று எல்லாருக்கும் தெரியும். நல்லது செய்யுமா என்பதுதான் பாக்கி.

குறி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. செல்லை உடைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு, ஒரு சவ்வில் ஒற்றியெடுத்து, குறியுள்ள புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை அதன்மேல் ஊற்ற வேண்டும். குறி இருந்தால் கறுப்பாக ஒரு கோடு தெரியும், இல்லாவிட்டால் வெறுமை. எனக்குப் பேர் வாங்கித் தந்த படம் அதுதான்: மருந்து போடாத செல்லில் கோடு, மருந்து போட்ட செல்லில் வெறுமை. ஒன்றுமில்லாததை வைத்துப் பெரிய ஆளானவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஒன்றுமில்லாததைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, அலுவலக வாசலில் மாட்டிவைத்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. செல்லை உடைத்த மறுகணமே அந்தப் பிய்க்கும் நொதி, பள்ளி மணி அடித்ததும் ஓடும் பிள்ளைகளைப் போலப் புறப்பட்டு, அகப்பட்ட குறிகளையெல்லாம் பிய்த்தெறிய ஆரம்பித்துவிடும். ஆகவே குழாய்கள் ஐஸிலேயே இருக்க வேண்டும். உடைக்கும் கரைசலில், அந்த நொதியைக் கட்டிப்போடும் மருந்து ஒன்றையும் கலக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதைப் 'பூட்டு' என்போம். ஐஸும் பூட்டும் இல்லாவிட்டால் கோடு தானாக மறைந்துவிடும். அதற்கு மாத்திரையும் வேண்டாம், விஞ்ஞானியும் வேண்டாம். ஆய்வகத்தில் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் இது. நான்தான் சொல்லித்தருவேன், கொஞ்சம் கண்டிப்பாகவே.

அப்போது என்னிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவியை எல்லாரும் 'ஐஸ்பெட்டி' என்று கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் கையில் ஒரு தெர்மக்கோல் பெட்டியும், அது நிறைய நொறுக்கிய ஐஸும், அதில் குத்திவைத்த குழாய்களும் இருக்கும். குளிர்ச்சியான பெண் என்றும் அர்த்தம் செய்துகொள்ளலாம். அதிகம் சிரிக்க மாட்டாள், கேட்ட கேள்வியை விடவும் மாட்டாள்.

முடிவு தெரிவதற்கு முன்பே நான் கூப்பிட்டிருந்த தொலைக்காட்சிக்காரர்கள் வந்த அன்று அவள் செல்களோடு தயாராக இருந்தாள். மருந்து போட்டவை நீலமூடிக் குழாய்களில், போடாதவை வெள்ளைமூடியில். நான் புதிதாக ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கியிருந்தேன். மடிப்புக் கலையாமல் அட்டை போல நின்றது. செல் உடைக்கும் காட்சியை நானே செய்துகாட்டுவதாகச் சொல்லியிருந்தேன். நான் பிப்பெட்டைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கையெழுத்துப் போடுவதைத் தவிர என் கைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை.

வந்தவர்களுக்கு டீ வாங்கிவரச் சொல்லி அவளை அனுப்பினேன். வேறு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். அவள் பக்கத்தில் நின்றால் கேள்வி கேட்பவர் அவளிடம் கேட்டுவிடுவாரோ என்று தோன்றியது.

"சார், பூட்டு இன்னும் ஃப்ரீசர்லதான் இருக்கு. நான் வந்து கலந்துக்கறேன். அதுவரைக்கும் தொடாதீங்க சார்" என்றாள்.

"எனக்கே சொல்றியா?" என்றேன். கேமராக்காரர் சிரித்தார்.

அவள் போனதும் விளக்குகளைப் போட்டார்கள். முகத்தில் அனல் அடித்தது. கேமராக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "சார், பெட்டிக்குள்ள இருந்தா ஒண்ணுமே தெரியல. வெளிய எடுத்து வரிசையா வைங்க. பளிச்சுனு இருக்கும்" என்றார். "எல்லாத்தையும் வேணாம் சார், அந்த நீலக்கலர் மட்டும் போதும். வெள்ளை, டிவில எடுபடாது."

நீலமூடிக் குழாய்களை எடுத்து மரத்தாங்கியில் வரிசையாக நிறுத்தினேன். பிப்பெட்டால் கரைசலை ஒவ்வொன்றிலும் விட்டேன். பூட்டு போடாத வெறும் கரைசல். பிறகு ஒரு குழாயை உயர்த்தி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இந்தத் துளிக்குள் மனிதகுலத்தின் எதிர்காலம் உறங்குகிறது என்று ஆரம்பித்தேன். பேச்சு நன்றாகப் போயிற்று. ஒரு வாக்கியம் தடுமாறியதால் மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார்கள். அது இன்னும் நன்றாகப் போயிற்று.

விளக்குகளை அணைத்தபோது குழாய்களை ஐஸில் திரும்பக் குத்திவைத்தேன். ஐஸ்பெட்டி டீயோடு வந்தாள்.

"நீலத்துல கரைசல் ஊத்தியாச்சா சார்?"

"ஊத்தியாச்சு."

"பூட்டு?"

"எல்லாம் போட்டாச்சும்மா. டீயைக் குடு."

பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நாலு வெளியாட்கள் நிற்கிற இடத்தில் மாணவி கேட்கும் கேள்விக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது என்றுதான் தோன்றியது. அவள் வெள்ளைமூடிக் குழாய்களைத் தானே எடுத்து, பூட்டுக் கலந்து, ஐஸிலேயே வைத்து உடைத்தாள். மிகச் சரியாகச் செய்தாள். அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் கோடு அழிந்து, ஏதோ தப்பு என்று அன்றே தெரிந்துபோயிருக்கும்.

படம் வந்தது. வெள்ளையில் கறுகறுவென்று கோடு, நீலத்தில் வெறுமை. ஐஸ்பெட்டி அன்று சிரித்தாள். நானும் அவள் தோளைத் தட்டி, "பாத்தியா" என்றேன். செல் வளர்ந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வளர்ந்த செல்லைத் தேடினால் வளர்ந்த செல் கிடைக்கும். கண்ணாடித் தகட்டை நகர்த்திக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நிகழ்ச்சி இன்னும் இணையத்தில் இருக்கிறது. குழாய்கள் ஐஸுக்கு வெளியே, விளக்கடியில், பளிச்சென்று நிற்பது யாருக்கும் தெரியும். துறையில் எத்தனையோ பேர் பார்த்தார்கள், வாழ்த்தினார்கள். ஒருவரும் குழாயைப் பார்க்கவில்லை. அவ்வளவு பேரும் என் முகத்தையே பார்த்திருக்கிறார்கள் என்று கொஞ்ச காலம் பெருமையாக இருந்தது.

பிறகு ஐஸ்பெட்டி அதே சோதனையைத் திரும்பச் செய்தாள். திரும்பவும் செய்தாள். ஒருநாள் சவ்வை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"சார், கோடு போகமாட்டேங்குது. மருந்து போட்டதுலயும் இருக்கு, போடாததுலயும் இருக்கு."

"உன் கைதான்மா பிரச்சினை."

"முதல் தடவையும் இதே கைதானே சார்?" என்றாள். கொஞ்சம் நின்று, "நான் டீ வாங்கப் போயிருந்தப்ப குழாய் ஏதாவது வெளிய இருந்துச்சா சார்? சும்மா கேக்கறேன்."

"நான் என்ன நேத்து சேர்ந்த ஆளா?"

"இல்ல சார்."

ஆய்வகங்களில் 'கை' என்று ஒன்று உண்டு. ஒரே சோதனை ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராது. கை நல்லது, கை சரியில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். படித்தவர்கள் வைத்துக்கொள்ளும் ராசி அது. அவளை நான் வெளியே போகச் சொல்லவில்லை. கை சரியில்லை என்று மூன்று பேரிடம் வருத்தத்தோடு சொன்னேன். மூன்று பேரும் நன்றாகப் பேசக்கூடியவர்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் அவளே போய்விட்டாள். இப்போது ஒரு பரிசோதனைக்கூடத்தில் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கிறாள் என்று கேள்வி. வேறொரு நிறுவனத்தில் எங்கள் சோதனை வரவில்லை என்று புகார் எழுந்தபோது நீங்கள் முதலில் அவளைத்தான் கூப்பிட்டு விசாரித்தீர்கள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டாள். அவளிடம் என்னால் தாங்க முடியாதது அந்தக் குணம்தான்.

இனி என் அத்தானைப் பற்றி.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இடுப்பில் சாவிக்கொத்தும், சட்டைப் பையில் டெஸ்டரும், வாயில் ஒரு கிண்டலும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. என் கல்யாணத்தில் என்னைவிட அவரைச் சுற்றித்தான் கூட்டம். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. "என்ன விஞ்ஞானி, கொசுவுக்கு ஏதாவது கண்டுபிடிச்சியா?" என்பார். டிவியில் என்னைப் பார்த்துவிட்டு, "பேச்சு பிரமாதம் மச்சான். ஆனா கோட்டுல விலைச்சீட்டு தொங்குச்சு" என்றார். தொங்கவில்லை. நான் அந்த நிகழ்ச்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் ரெண்டு மாடி ஏறி உக்காந்துட்டேன் மச்சான். இதைவிடக் கேவலம் உண்டா?" என்றார். கையில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என் துறை.

மருத்துவமனையில் ரத்தநோய் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர். என் மாத்திரையை வைத்து அங்கே ஒரு சிறிய சோதனைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வழக்கமான சிகிச்சையைத் தாங்க முடியாத முதியவர்களுக்கும், அது வேண்டாம் என்று தாங்களே மறுத்தவர்களுக்கும் மட்டும். அந்த டாக்டரம்மா என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்:

"சார், உங்க மருந்து மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இவரு உடம்பு நல்லாத் தாங்கும். இந்த வகைக்கு வழக்கமான சிகிச்சையே போதும். பத்துல ஏழு பேரு எழுந்து வீட்டுக்குப் போறாங்க. ஒரு மாசம் கஷ்டப்படுவாரு, அவ்வளவுதான். நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாரு."

சரி என்றுதான் தலையாட்டினேன். அதைச் சொல்லத்தான் மறுநாள் போக இருந்தேன்.

நடுவில் நிறுவனத்தின் உணவகத்தில் மதியச் சாப்பாடு வந்தது. விஷயம் பரவியிருந்தது. இயக்குநர் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்து, "கவலையே படாதீங்க. வீட்டுக்குள்ளயே மருந்தை வெச்சிருக்கீங்க, வேற யாருக்கு இந்தக் கொடுப்பினை?" என்றார். அடுத்த மேசையில் எங்கள் துறையின் இன்னொரு பேராசிரியர் இருந்தார். எதையும் நேராகப் பார்க்காமல் பக்கவாட்டிலேயே அணுகுகிறவர் என்பதால் மாணவர்கள் அவருக்கு 'நண்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க மாத்திரைதானே சார் குடுக்கப்போறீங்க?" என்று கேட்டார். மேசையில் பேச்சு நின்றது.

"ஆமா, பின்ன?" என்றேன்.

பேச்சு திரும்ப ஆரம்பித்தது. சாப்பாட்டில் உப்பு குறைவாக இருந்ததைப் பற்றி இயக்குநர் ஏதோ சொன்னார்.

மறுநாள் வார்டில் அத்தான் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், ரெண்டு மாடிக்கு நடுவுல ஒரு லிஃப்ட் நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க? வெடி வெச்சுத் தகர்த்துடுவீங்களா?"

"லூசா நீ? உள்ள ஆளு இருக்கும்டா. மேல போயி, பிரேக்கை மெதுவா விட்டு, அடுத்த மாடிக்குக் கொண்டாந்து கதவைத் திறப்பேன்."

"உங்க ரத்தத்துல செல்லெல்லாம் அப்படித்தான் நடுவுல நிக்குது. டாக்டர் சொல்ற சிகிச்சை வெடி. என் மாத்திரை, பிரேக்கை விடுறது."

"அடேங்கப்பா. இதை இத்தனை வருஷமா இப்படிச் சொல்லியிருந்தா உன்னை மதிச்சிருப்பேனே மச்சான்" என்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் குரலில் கிண்டல் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா பழத்தைக் கீழே வைத்தாள். "டேய், எனக்கு ஒண்ணும் புரியாது. உனக்கே இந்த நோய் வந்தா என்னடா பண்ணுவ?"

"இதைத்தான்கா போட்டுக்குவேன்."

"அப்ப சரி."

வழக்கமான சிகிச்சை வேண்டாம் என்று அத்தான் டாக்டரம்மாவிடம் தானே சொன்னார். லிஃப்ட் கதையையும் சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அத்தானுக்கு நோய் வருவதற்கு முன்பே நடந்தது. எப்போது உங்களுக்குத் தெரியும் என்று வழக்கறிஞர் கேட்டாரல்லவா, அதற்கான பதில்.

ஐஸ்பெட்டி போன பிறகு, ஒரு விடுமுறை நாளில், ஆய்வகத்தில் யாரும் இல்லாத பகலில், அந்தச் சோதனையை நானே செய்தேன். அவள் கேட்ட கேள்வி எங்கோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஐஸை நானே நொறுக்கினேன், பூட்டை நானே கலந்தேன். பழைய பழக்கம், கைக்கு வந்துவிட்டது. மருந்து போட்ட செல்லில் கோடு கறுப்பாக, தடியாக, அசையாமல் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு குழாயில், மருந்தே போடாத செல்லை எடுத்து, ஐஸும் பூட்டும் இல்லாமல் உடைத்து, மேசை விளக்கை அதன் பக்கம் திருப்பி, தொலைக்காட்சியில் பேசிய பேச்சை முழுவதும் ஒருதடவை பேசினேன். நேரக் கணக்குக்காகத்தான். அந்தக் குழாயில் கோடு இல்லை. சுத்தமாக இல்லை. என் படத்தில் இருக்கும் அதே அழகான வெறுமை.

ஆக, புற்றுச்செல்லின் குறியை அழித்தது மாத்திரை இல்லை, ஒரு வீடியோ விளக்கும் என் பேச்சும். இது எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். சவ்வைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டேன். குப்பைப் பையை நானே கீழே கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாள் வழக்கம்போல வகுப்பு எடுத்தேன், பாஸ்பரிலேற்றம் பற்றித்தான்.

வார்டில் அத்தானிடம் லிஃப்ட் கதையைச் சொன்னவன், இதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னான்.

அதற்குப் பிறகும் உண்மையைச் சொல்லத் தருணங்கள் இருந்தன. முதல் சில வாரங்களில் அத்தானின் ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை ஏறியது. டாக்டரம்மா ஃபோன் செய்து, "சார், எனக்கு இது பிடிக்கல. இப்பவே மாத்திடலாம். இன்னும் நேரம் இருக்கு" என்றார். செல்களை வளரவைக்கும் சிகிச்சையில் ஆரம்பத்தில் எண்ணிக்கை ஏறித்தான் இறங்கும் என்று விளக்கினேன். அது உண்மைதான், உண்மையான மருந்துகளுக்கு. பிறகு நேரில் போய், அத்தானின் ரத்தத் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். வளர்ந்த செல் ஒன்று கிடைத்தது. "பாருங்க" என்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். யார் ரத்தத்தில் தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்கும். அவருக்கும் அது தெரியும். ஆனால் வாசலில் படம் மாட்டியிருப்பவன் நான். அவர் இன்னும் ஒரு வாரம் பொறுத்தார்.

அத்தான் நம்பிக்கையோடு இருந்தார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார்: "பிரேக் விட்டிருக்கு. இறங்கிட்டு இருக்கேன்." ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா மச்சான், முகமெல்லாம் வாடிக்கெடக்கு? நோயாளி நானா நீயா?" என்றார். அன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நர்ஸ் காய்ச்சல் பார்க்க வந்தாள். நர்ஸ் போன பிறகும் அவர் காத்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்ல வந்தேன் என்று. "டிவியை அந்தப் பக்கம் திருப்பி வைக்கவா அத்தான்?" என்று கேட்டேன்.

மாற்றுவது என்று முடிவானபோது காய்ச்சல் வந்துவிட்டது. நுரையீரலில் கிருமி. அந்தக் கிருமியைத் தடுப்பதுதான் வளர்ந்த வெள்ளணுவின் வேலை. வேலைக்கு வர ஆள் இல்லை. இவ்வளவு கூட்டம் உடம்பில் இருந்தும் ஒருவரும் வரவில்லை. கடைசி நாட்களில் மூச்சுக்குழாய் வைத்திருந்ததால் அவரால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். இறங்கிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னாரா, அல்லது வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. நான் கட்டைவிரலை மேலே காட்டினேன்.

அவர் இறந்த பிறகு நடந்த கருத்தரங்கில், சோதனைச் சிகிச்சையில் ஒரு நோயாளியிடம் செல் முதிர்ச்சியின் அறிகுறி கண்டதாகச் சொன்னேன். கைதட்டினார்கள். நண்டுகூடத் தட்டினார்.

இப்போதும் லிஃப்டில்தான் போகிறேன். ஏறக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். மூன்றாம் மாடி. கதவு மூடியதும் கண்ணை மூடிக்கொள்வேன். தூக்கம் சரியில்லை. சாப்பாட்டு மேசையில் அன்று பேச்சு நின்றதே, அந்த மௌனம் அடிக்கடி காதில் கேட்கிறது. 'மாத்திரை வேலை செய்யாது, வழக்கமான சிகிச்சைதான் கொடுக்கப்போகிறோம்' என்று அப்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். படத்தைக் கழற்றியிருப்பார்கள். ஒரு மாதம் சிரித்திருப்பார்கள். ஐஸ்பெட்டி திரும்ப வந்திருப்பாள். அத்தான் பத்தில் ஏழு பேரில் ஒருவராக, தலையில் முடியில்லாமல், என்னை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்துகொண்டு இருந்திருப்பார். எனக்கு அந்தக் கிண்டல் பயமாக இருந்திருக்க வேண்டும். வேறு காரணம் எவ்வளவு தேடினாலும் கிடைக்கவில்லை.

ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். படம் பொய். அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும், மாணவியின் மேல் போட்ட பழியை எடுக்கவில்லை. தெரிந்துகொண்டே என் அக்காவின் கணவருக்குக் கிடைக்கவிருந்த சிகிச்சையைக் கிடைக்காமல் செய்தேன். சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று வழக்கறிஞருக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் இதற்குக் கொலை என்றுதான் பெயர் இருக்கும், அவர்களுக்குத் தெரிந்தால்.

தெரியாது. அதைத்தான் சொல்ல வருகிறேன். உங்களிடம் சொல்வதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அத்தானின் செருப்பு இன்னும் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அத்தான் விஷயமா."

"தெரியும்டா" என்றாள்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நீ உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கிட்டு இருக்க. உன் முகத்தைப் பாத்தாலே தெரியுது. மருந்து குடுத்தும் காப்பாத்த முடியலயேன்னு. டேய், நீ இருந்ததாலதான் அந்த மனுஷன் முடி கொட்டாம, வாந்தி எடுக்காம, கடைசிவரைக்கும் ஆளு மாறாம போனாரு. பக்கத்துக் கட்டில்காரரு அந்த வெடி வைத்தியத்துல பட்ட பாட்டைப் பாத்தேன்ல. அவரை நான் பாத்த மாதிரியே அனுப்பி வெச்ச. அதுக்கு மேல ஒரு தம்பி என்னடா செய்ய முடியும்?"

பக்கத்துக் கட்டில்காரர் இப்போது வேலைக்குப் போகிறார். அதை நான் சொல்லவில்லை.

"அது இல்லக்கா" என்றேன்.

"என்னவா இருந்தாலும் அப்புறம். மணி என்ன ஆகுது பாரு. கை கழுவிட்டு வா."

கை கழுவிவிட்டு வந்தேன். தட்டு வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் சோறு இருக்கும்போது பேச முடியாது என்பதால் முதலில் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும். சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை: இரண்டாவது தடவை சோற்றை அவளாகப் போடவில்லை, நான்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.